வெறும் உரல்

வெறும் உரலில் உலக்கை விழுந்தால் வரும் சத்தமே வேறு. சாமை கிடக்கும்போது "தொம், தொம்" என்று அடங்கிக் கேட்கும். ஒன்றும் இல்லாத கல்லில் அதே உலக்கை "ணங்" என்று விழுந்து, பல்லைக் கூசவைத்து அடிவயிறு வரை போகும். ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்தச் சத்தம் எப்போது வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

கல்வராயன் மலைமேல், படகு விடும் ஏரிக்குப் பக்கத்தில் அந்த வருடம் ஒரு "மாதிரி கிராமம்" போட்டிருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்து, காட்டைத் திருத்திக் குடியேறியவர்கள் எங்கள் முன்னோர் என்று ஊரில் சொல்வார்கள். அந்த முதல் குடும்பம் வாழ்ந்த விதத்தை, கீழேயிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் நடித்துக் காட்ட வேண்டும். கைக்குழந்தைத் தம்பியைப் பக்கத்தில் தூளியில் போட்டுவிட்டு அம்மா உரலில் இடிக்க வேண்டும். நான் தலையில் கூடையோடு "மலையேறி" வந்து அடுப்பு ஊத வேண்டும். எங்கள் ஊரில் யாருமே கட்டியறியாத ஒரு சேலையை அம்மாவிடம் நீட்டி, இதுதான் உங்கள் பழைய உடை என்றார் மேனேஜர். சின்னசேலத்துக்காரர். நல்ல மனிதர்தான், அவசரம் மட்டும் ஜாஸ்தி.

உமி பறந்து, பார்க்க வந்தவர்கள் மேலெல்லாம் ஒட்டுகிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்: "தானியமெல்லாம் வேணாங்க. சும்மா இடிங்க, பாக்கிறதுக்கு இருந்தா போதும்."

எங்கள் பக்கத்தில் வெறும் உரலை இடிக்க மாட்டார்கள். இடித்தால் வெளியூர் போன ஆள் வீடு திரும்பாது என்பார்கள். அப்பா அப்போது குடகில், காப்பித் தோட்டத்தில் இருந்தார். அவரிடமிருந்து போன் வருவதும் நின்றிருந்தது. வேலையை உதறிவிடலாம் என்றால், சீசன் முடிந்ததும் ஒரு குடும்பத்தை இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் அப்பா மறுபடி குடகுக்குப் போக வேண்டியதில்லை. இடித்தால் அப்பா வர மாட்டார். இடிக்காவிட்டால் வந்தாலும் தங்க மாட்டார்.

அம்மா ஒரு வழி செய்தாள். விதைக்கு வைத்திருந்த சாமையில் தினமும் ஒரு பிடி எடுத்து மடியில் முடிந்துகொண்டு வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் உரலுக்குள் அவிழ்த்துவிட்டாள். ரேஷன் அரிசியைப் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். "அது உமி போனது, அதுக்கு ஏது உசுரு? கம்முனு இரு" என்றாள். மாவாகிப்போன அந்தச் சாமையைச் சாயங்காலம் கஞ்சி காய்ச்சினாள். மழை வரப்போகிறது, விதைக்கூடை இறங்கிக்கொண்டே போகிறது. அப்பா வந்தால் விதையைக் கேட்பார், வராவிட்டால்... என்று நினைப்பு ஓடும்போதெல்லாம் அடுப்பை இன்னும் வேகமாக ஊதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். வந்தவர்களை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், படம் பிடிக்கிறவர்களுக்கு நடுவே, தோளில் பையோடு இளைத்துப்போய் நின்றிருந்தார் அப்பா. அம்மாவும் பார்த்துவிட்டாள். பக்கத்திலேயே மைக்கோடு மேனேஜர்; அவள் கை நிற்கவில்லை, கண் மட்டும் வழிந்தது. அப்பா கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே வந்தார். மேனேஜருக்கு அவர் யாரென்று தெரியாது, ஆனாலும் மனிதர் அசரவில்லை. "இதோ, குடும்பத் தலைவர் காட்லேர்ந்து வந்துட்டாரு!" என்றார் மைக்கில். கூட்டம் கைதட்டியது.

அப்பா உரலுக்குள் எட்டிப் பார்த்தார். அந்த மாதத்தில் வீட்டில் விதையைத் தவிர வேறு சாமை ஏது?

"வெதையா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க. போனும் வர்ல. வெறும் உரல இடிச்சிக்கினு உங்கள எப்பிடி எதிர்பாக்கிறது?"

"போன் ஆத்துல வுழுந்துடுச்சி" என்றார். அம்மா கையிலிருந்து உலக்கையை வாங்கிச் சிந்தாமல் இடிக்கத் தொடங்கினார்.

கோடையோடு மாதிரி கிராமமும் முடிந்தது. மேனேஜரின் பேச்சும் அவரோடு போயிற்று. சித்தப்பாவிடம் விதை கேட்டு வாங்கி விதைத்துவிட்டு, அப்பா மறுபடி குடகுக்கே பஸ் ஏறினார்.

போன மாதம் கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் அம்மாவோடு அந்த வழியாகப் போனேன். கூரையும் இல்லை, கயிறும் இல்லை. புதர் மண்டிய இடத்தில் அந்தக் கல் உரல் மட்டும் கிடக்கிறது. அன்று தூளியில் கிடந்த என் தம்பிதான் இப்போது குடகில் இருக்கிறான். அவன் போன் பண்ணி நாளாகிறது என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். உரல் கண்ணில் பட்டதும் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து எட்டிப் பார்த்தாள். முந்தின நாள் நல்ல மழை.

"தண்ணியாச்சும் நிக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.