ஃபாக் லைட்டும் என் சுவர்க்கோடும்

காரைக்குடியில் காருக்கு ஃபாக் லைட் மாட்டுவது அரைமணி வேலைதான். அதைக் கீழே குனிய வைப்பதற்குள்தான் உயிர் போகும். வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டியே வயிறு வளர்க்கும் தோழர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

கேட்டதைச் செய்தேன்

முந்தின வருஷம் மார்கழியில் கானாடுகாத்தான் விடுதி ஒன்றின் டிரைவர் வந்தார். ஃபாக் லைட் பம்பரில் தாழ்வாக இருந்து, பனிக்கு அடியில் தரையைக் காட்ட வேண்டிய விளக்கு. அவருக்கோ அது நிமிர்ந்து நிற்க வேண்டும். நமக்கென்ன வந்தது என்று ஸ்குரூவைத் திருகி ஏற்றிவிட்டேன். என் புத்தி எங்கே போச்சோ. அவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார்: "இப்பத்தாண்ணே எதுக்க வாறவன் ஒதுங்குவான்."

ஒதுங்கியது யார்

ஒதுங்கியது என் மனைவி மீனாள். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போனாள். குன்றக்குடி தாண்டி விடியற்காலைப் பனியில் நடக்கும்போது ஒரு கார் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்திருக்கிறது. கண் தெரியாமல் பள்ளத்தில் இறங்கிக் கணுக்கால் முறிந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தது அதே டிரைவர். வாசலில் நின்ற காரில் நான் மாட்டிய லைட்டைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறைக்க மனசு வரவில்லை, மீனாளிடம் சொல்லிவிட்டேன். மாவுக்கட்டோடு படுத்திருந்தவள் சொன்னாள்: "அடுத்த தைக்கும் நான் நடக்கத்தான் போறேன். அதுக்குள்ள நீங்க ஏத்துன லைட்டையெல்லாம் இறக்கி வைங்க."

கரிக்கோடு

மறுநாளே கடைக்கு எதிர்ச்சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன். வெளிச்சம் அதைத் தாண்டினால் வண்டி வெளியே போகாது. முன்னே லைட்டை ஏற்றிக்கொண்டு போன ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு வரவழைத்தேன். முதலில் வந்து இறக்கிக்கொண்டது அந்த டிரைவர்தான். மற்றவர்கள் லேசில் மசியவில்லை. ஒக்கூர்க்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "எல்லாக் கடையிலயும் ஏத்தி விடுறாக, நீங்க மட்டும் இறக்குறீக. தொழில் தெரியுமா உங்களுக்கு?"

சந்தனக்காப்பு

பிள்ளையார்பட்டியில் பூஜை போட்ட புது வண்டி ஒன்று, ஃபாக் லைட் எரியவில்லை என்று வந்தது. எரியத்தான் செய்தது. கண்ணாடி முழுக்க அப்பிய சந்தனமும் குங்குமமும் ஒரு வாரம் காய்ந்து கிடந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பொட்டை பானெட்டில் வையுங்கள் என்றேன். உரிமையாளர் முகம் கறுத்துப்போனது: "சாமிக்கு வச்சத அழிச்சுட்டீக. இனி இந்த வண்டிக்கு என்ன ஆனாலும் நீங்கதான் பொறுப்பு."

பிரைட்டும் பனியும்

இன்னொருவருக்குப் பனியில் ரோடே தெரியவில்லையாம். ஃபாக் லைட்டோடு ஹெட்லைட்டையும் பிரைட்டில் போட்டு ஓட்டியிருக்கிறார். பிரைட் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்; டிம்மில் வைத்து, ஃபாக் லைட்டைப் போட்டு, மெதுவாகப் போங்கள், பனி விலகினதும் அதை அணைத்துவிடுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மெதுவாப் போறதுக்கு லைட்டு எதுக்குண்ணே?"

இந்தத் தை

மீனாள் சொன்னபடியே நடந்தாள். அவள் திரும்பிவரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு காலும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததும், பாராட்டு வரும் என்ற நப்பாசையில் வெளிச்சம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நாலு வண்டி குனிஞ்சு வந்துச்சு, மத்ததெல்லாம் மூஞ்சியிலதான் அடிச்சுச்சு. அதையெல்லாம் ஏத்திவிட்ட கடைக்காரவுகளையும் போய்ப் பாருங்க."

ஆகவே இப்போது கரித்துண்டும் கையுமாகப் போட்டிக் கடைகளுக்குப் போய் அவர்கள் சுவரிலும் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். வரவேற்பு எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.