எடைக்கல் தொங்கவிடாத சனிக்கிழமை

தொண்ணூற்றொன்றில் மறைமலை நகரில் வண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராகச் சேர்ந்தேன். லைனின் கடைசியில் இருந்த பிரேக் டெஸ்ட் ரோலர் என் பொறுப்பு. வண்டியின் சக்கரம் ரோலர்மேல் ஏறி நிற்கும். ரோலர் சுழலும்போது டிரைவர் பிரேக்கை மிதித்தால், இரண்டு பக்கமும் எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு முள் காட்டும். சனிக்கிழமைதோறும் ஒட்டிய ரப்பரைச் சுரண்டி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, கடைசியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு முள் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்து வருஷம் தனியாகப் பார்த்தேன். பிறகு மணிமங்கலத்துக்காரன் ஒருவனைக் கூடப் போட்டார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவன். வேலையை நான்தான் காட்டிக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில், ரோலர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். இரண்டு தடவை அப்படியே நடந்தது. அதன்பின் சூப்பர்வைசர் எதைக் கேட்டாலும் அவனைப் பார்த்துத்தான் கேட்பார். கேன்டீனில் அவன் என் எதிரே வந்து உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை அவன் லீவு. எடைக்கல்லைத் தூக்கிவர அலுப்பாக இருந்தது. தொங்கவிடாமலே நோட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை வந்த வண்டி எல்லாம் இடது பக்கம் பிரேக் குறைவு என்று திரும்பின. பிரேக் மாட்டுகிறவர்களுக்குத் திட்டு விழுந்தது. அவன் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தான். கோளாறு மெஷினில்தான், இடது முள்ளுக்கு அளவு தரும் சென்சாரைப் பிடிக்கிற போல்ட் லூஸ். அடியில் அப்பியிருந்த தூசியைப் பார்த்தாலே, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, சனிக்கிழமையே லூஸாகியிருக்கும் என்று தெரிந்தது. நோட்டில் என் கையெழுத்தைப் பார்த்தான், மூடினான். சூப்பர்வைசரிடம், இன்று காலையில்தான் லூஸாகியிருக்கும் என்று சொன்னான்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீதானேண்ணா எனக்கு இந்த மெஷினக் காமிச்ச. உன்னப் போயி சொல்வேனா?”

மாட்டிவிட்டிருந்தால் அவனை வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். கைவேலையில்தான் அவன் என்னைவிட உசத்தி என்றிருந்தேன். குணத்திலுமா? படப்பையில் வீடு வரை அந்த எரிச்சலோடுதான் சைக்கிளை மிதித்தேன்.

அடுத்த மாதமே பெயின்ட் ஷாப்புக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் மனைவி காரணம் கேட்டாள். கிரீஸ் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

“பெயின்ட் நாத்தம் மட்டும் ஒத்துக்குதா?” என்றாள்.