ஜக்கையன் சார் ஜீப்பில் ஏறிய கதை

ஜக்கையன் சாருக்கு ஐம்பது வயது. அதில் நாற்பத்தொன்பது வருடம் பயத்திலேயே கழிந்தது. மீதி ஒரு வருடம் கைக்குழந்தையாக இருந்ததால் சரியாக நினைவில்லை.

எங்கோ தேவாரம் ஊர்ப் பக்கம் யானை இறங்கியதாகச் செய்தி வந்தால், போடியில் இருக்கும் தன் வீட்டின் பின்கதவைத் தாழ்போட்டு, தாழுக்கு முன்னால் கிரைண்டரையும் நகர்த்தி வைப்பார். பல்லிக்குப் பயம், கல்வி அதிகாரிக்குப் பயம், மச்சினனுக்குப் பயம். இவ்வளவையும் சுமந்துகொண்டு ஒரு மனிதர் இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளியது தொண்டையால்தான். அவர் போடும் சத்தத்தில் பிள்ளைகள் நடுங்குவார்கள். நடுங்குகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. கேள்வி வராத வகுப்பில் வாத்தியாருக்குப் பயமில்லை.

இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுப்பதற்கென்றே அந்த ஜூன் மாதம் சிலமலைப் பக்கத்து நடுநிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்து சேர்ந்தார் சூர்யகலா. பதினொன்றிலிருந்து பதினாலு வயதுக்குள் பிள்ளைகளின் உடம்பும் மனசும் ஒரே நேரத்தில் வீடு மாறுகின்றன, சாமான் உடையாமல் கைகொடுக்க ஆளுக்கொரு பெரியவர் வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஒப்படைத்தார். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். பாடம் கூடாது, அதட்டல் கூடாது.

"பாடம் நடத்தாம என்ன டீச்சர் பேசுறது?"

"என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க சார்."

"சத்துணவு நம்ம போட்டதுதான டீச்சர்? தெரிஞ்ச விசயத்த எப்படிக் கேக்குறது?"

முதல் நாள் பன்னிரண்டு பேரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில், "பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் உயிர் வந்தவர்களாகக் கோரஸாகச் சொன்னார்கள். அன்றைய பதிவேட்டில், 'மாணவர்கள் மனம்விட்டுப் பேசினர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம் பன்னிரண்டு பதினொன்றானது. ஏழாம் வகுப்பு ரோஜா நான்கு நாளாக வரவில்லை. முன்பெஞ்சில் உட்காரும் பிள்ளை. அம்மா சந்திரவல்லி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள்.

"காய் எடுக்குற சீசன் சார்" என்றார் சூர்யகலா. "ஒரு வாரம் ஜீப்புல போய்ப் பழகிட்டா அப்புறம் இங்க வராது. போன வருசம் இப்படித்தான் ரெண்டு பிள்ளைக நின்னு போச்சு. வெரசாப் போய்ப் பாருங்க."

"நானா?"

"உங்க பிள்ளை சார்."

"என் பிள்ளைக ரெண்டும் கோயமுத்தூர்ல இருக்கு டீச்சர்" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஜீப்பு நிற்கும் முக்குக்குப் போய்ச் சேர்ந்தார். குழந்தைத் தொழிலாளர் சட்டம் பற்றி மூன்று வாக்கியங்களை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். எட்டுப் பேருக்கென்று செய்த ஜீப்பில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை மாட்டிய பெண்கள், மடியில் தூக்குவாளியோடு. நடுவில், அம்மாவுக்குப் பக்கத்தில், அப்பாவின் சட்டைக்குள் முக்கால்வாசி காணாமல் போயிருந்தாள் ரோஜா.

டிரைவர் காசிராஜன் அவருடைய பழைய மாணவன். அவர் திருகிய காது இன்னும் அதன் இடத்தில்தான் இருந்தது.

"சார்! என்ன சார், மேல ஏதும் சோலியா? ஏறுங்க ஏறுங்க. ஏத்தா, சாருக்குக் கொஞ்சம் நகந்து எடம் குடு."

மூன்று வாக்கியங்களில் ஒன்றாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்தொன்பது பேர் பார்க்கிறார்களே என்ற பயத்தில் கால் தானாக ஏறியது. சட்டத்தை எடுத்துச் சொல்லப் போனவர் இருபதாவது ஆளாகக் கதவோரம் உட்கார்ந்தார்.

"வாத்தியாரு வேலை போயிருச்சா சார்?" என்றாள் ஒருத்தி. "கங்காணிகிட்ட சொல்லுறோம். காய் எண்ணுறதுக்கு ஆள் இல்லாமத்தான் கெடக்கு."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. ரோஜா மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டாள்.

அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் டார்ச்சை உள்ளே அடித்தார். வெளிச்சம் எல்லோரையும் தாண்டி ரோஜாவின் மேல் நின்றது.

"இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

 காசிராஜன் கண்ணாடியில் சாரைப் பார்த்தான். பெண்கள் பார்த்தார்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற பயம் இருபது பேர் நடுவில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. டார்ச்சு திரும்பி சாரின் முகத்துக்கு வந்தது.

"நீங்க யாரு?"

"வாத்தியாரு."

"பிள்ளை வயசு தெரியுமா?"

தெரியும். வருகைப் பதிவேட்டில் அவர் கையாலேயே எழுதியது. பன்னிரண்டு வயது, நான்கு மாதம்.

"பதினெட்டு" என்றார் ஜக்கையன் சார்.

"வாத்தியாரே சொல்லிட்டாரு. போங்க."

ஜீப்பு மலையேறத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கச் சக்கரம் ஆகாயத்தில் உருளுவதாக அவருக்குத் தோன்றியது. அவர் கண்ணை மூடினார். மூடினால் டார்ச்சு வெளிச்சம் தெரிந்தது. திறந்தால் பள்ளத்தாக்கு தெரிந்தது. எது தேவலை என்று முடிவு செய்ய முடியாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே வந்தார்.

"வெளிய பாக்காதீங்க சார்" என்றது ஒரு சின்னக் குரல். "வாளி மூடியவே பாருங்க. தல சுத்தாது."

ரோஜாதான். பொய் சொல்லிவிட்டு விழிக்கிற மனிதரோடு பேசுவதற்கு அவளுக்குப் பயமில்லை போலும்.

மேட்டில் டீக்கடை முன்னால் ஜீப்பு நின்றது. இறங்கியவர் கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சந்திரவல்லியே ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தாள்.

"ஏம்மா, பிள்ளைய ஏன் கூட்டிட்டு வர்றீங்க?" என்றார். வாழ்நாளில் அவர் பேசிய மிக மெல்லிய வாக்கியம் அதுதான்.

"நான் எங்க சார் கூட்டிட்டு வந்தேன்? பள்ளியோடத்துக்குப் போகமாட்டேன்னுட்டா. வயசுக்கு வந்த பிள்ளைய ஒத்தையில வீட்டுல போட்டுட்டு, இங்க எப்படி எனக்குக் கையோடும்? அதான் கண்ணு முன்னால இருக்கட்டும்னு ஏத்திக்கிட்டேன். பள்ளியோடத்துல இருந்தாப் பத்திரம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." தன் தம்ளரைக் கீழே வைத்தாள். "நீயே சொல்லுடி. சாருதான் வந்திருக்காருல்ல."

ரோஜா சட்டைக் கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். விரல் நுனிகள் ஏலக்காய்க் கறையில் கருத்திருந்தன.

"போன வாரம் ரெண்டாவது பீரியடுல கையத் தூக்குனேன் சார். கணக்க முடிச்சிட்டுப் போன்னீங்க. மறுபடி தூக்குனேன். எதுக்குன்னு எந்திரிச்சு நின்னு சொல்லுன்னீங்க."

அவருக்கு நினைவு வந்தது.

"எந்திரிச்சேன்ல சார். பாவாடை பூராம் கறை ஆயிருந்துச்சு. பின்னாடி பெஞ்சு சிரிச்சிருச்சு."

அவரும் கத்தியிருந்தார். பின்பெஞ்சைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து: 'ஊமையா? வாயத் திறந்து சொல்லு!'

"சாவி வேற" என்றாள் ரோஜா.

பெண்கள் கழிவறைச் சாவி தொலையாமல் இருப்பதற்காக, அதை ஒரு முழ நீளப் பலகையில் கட்டித் தன் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். அவருடைய சொந்த யோசனை. பழைய தலைமையாசிரியர் பாராட்டிய யோசனை.

"அந்தப் பலகையத் தூக்கிக்கிட்டு கிரவுண்டத் தாண்டிப் போனா, எங்க போறோம்னு எல்லாருக்கும் தெரியும் சார். நாங்க காலையில இருந்து தண்ணியே குடிக்கமாட்டோம். எட்டாம் வகுப்பு அக்காங்களும்தான்."

டீ ஆறிப்போனது. தன் வகுப்பில் ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை என்று அவருக்கு இதுவரை ஒரு விளக்கம் இருந்தது, பெருமையான விளக்கம். அது டீக்கடை வாசலில் கீழே விழுந்துவிட்டது.

"தப்புதான்" என்றார். பழக்கமில்லாத சொல், தொண்டையில் இரண்டு தடவை இடித்துக்கொண்டு வந்தது. "பலகைய எடுத்திர்றேன். நீ வாம்மா."

"எடுத்தீங்கன்னா வர்றேனான்னு பாப்போம்" என்றாள் ரோஜா. காசிராஜன் ஹாரன் அடித்தான். தாயும் மகளும் ஏறிக்கொள்ள, ஜீப்பு தோட்டத்தைப் பார்த்துப் போய்விட்டது. சார் பஸ்சைப் பிடித்துக் கீழே வந்தார். மலை இறங்கும்போது அவருக்கு, தான் சொன்ன பொய்தான் பெரிதாக இருந்தது, வளைவுகள் சின்னதாகிவிட்டன.

அன்று மதியமே பலகையைக் கழற்றிவிட்டு, பெண்கள் கழிவறைப் பூட்டை உடைத்தார். சாவி கையில் இருந்தும் சுத்தியலால் உடைத்தார். பூட்டு இருந்தால் நாளைக்கே வேறு யாராவது பூட்டிவிடுவார்கள் என்று பயம். உள்பக்கம் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து, ஸ்குரூ திருகத் தெரியாமல் ஒரு மணி நேரம் போராடிப் பொருத்தினார். செக்போஸ்ட்டில் சொன்னதையும் சூர்யகலாவிடம் மறைக்காமல் சொன்னார். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று அவரைப் பார்த்தார். சாருக்கு யானையே தேவலை என்றிருந்தது.

ரோஜா வியாழன் வரவில்லை, வெள்ளி வரவில்லை. மலையில் ஜீப்பு ஏதும் கவிழ்ந்ததா என்று தினமும் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு ரோஜா வந்தாள். யாரையும் பார்க்காமல் முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மதியம் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், கணக்குக்கு உங்க வகுப்புல இருக்கேன். வேப்பமரத்தடிக்கு உங்ககிட்ட வரமாட்டேன். முத்துப்பிரியா டீச்சர்கிட்ட போறேன்."

ஏன் என்று கேட்க வாய் திறந்தார். தொண்டை எந்தச் சத்தத்தில் கேட்குமோ என்று பயந்து மூடிக்கொண்டார். அவளே சொன்னாள்:

"உங்களப் பாத்தா இன்னும் பயமாத்தான் இருக்கு சார்."

அவர் பதிவேட்டை எடுத்து, தன் பன்னிரண்டிலிருந்து அவள் பெயரை அடித்து, முத்துப்பிரியாவின் பக்கத்தில் எழுதினார். மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நெடுநேரம் யோசித்து, அதில் 'கணக்காசிரியர்' என்று எழுதினார். அதிகாரி பார்த்தால் என்ன ஆகும் என்று பயம் வந்தது. அடித்துவிடலாமா, அடித்துவிடலாமா என்று கடைசி மணி வரைக்கும் நாலைந்து தடவை பதிவேட்டைத் திறந்து பார்த்தார். அடிக்கவில்லை.