எர்லின் பிடித்து வைத்த பாலம்

எர்லினுக்குப் பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. மெர்ட்டில் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு மாதாகோயிலுக்கு வந்தால், பூசை முடியும்வரை எர்லினுக்குக் கால் வலிக்கும்.

நான் பாலத்தடியில் தூண்டில்காரர்களுக்கு இரையும் ஐஸும் விற்கிறவள். எர்லின் அந்தப் பாலத்தைத் திருப்புகிறவள். கால்வாய் நடுவே ஒற்றைத் தூண், தூண்மேல் பாலம், பாலத்தின்மேல் அவள் அறை. படகு ஊதினால் விசையை இழுப்பாள். பாலம் அவளையும் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திரும்பி நிற்கும். அப்போது இரண்டு கரையிலிருந்தும் யாரும் அவளை நெருங்க முடியாது. ஹீட்டர் வைத்த அறை, அரசாங்கச் சம்பளம். இறால் நாற்றத்தில் கிடக்கும் எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவள் வயிறு எரிந்தது வேறு இடத்தில். பாலம் தாண்டிப் போகும் சாலை அரசாங்க எண்ணெய்க் கிடங்கில் போய் முடியும். சதுப்பு நிலத்துக்கு அடியில் உப்புப் பாறையைத் தண்ணீரால் கரைத்துக் குடைந்து, அதற்குள் கச்சா எண்ணெயை நிரப்பி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் எண்ணெயை நிறுத்திவிட்டால் நாடு தவிக்கக் கூடாதே, அதற்கு. உத்தரவு வந்தால் கால்வாய்த் தண்ணீரை அடியில் செலுத்துவார்கள், எண்ணெய் மேலே வரும். அந்தப் பம்புகளை ஓட்டும் நாற்காலியில் முறைவைத்து உட்காருகிறவர்களில் எர்லின் புருஷன் ஓவீட் ஒருவன், மெர்ட்டில் புருஷன் லெஸ்டர் இன்னொருவன்.

கிடங்கு திறந்த நாளிலிருந்து ஓவீட் அங்கே இருக்கிறான். ஓடாத பம்புகளுக்கு வருஷக்கணக்காக எண்ணெய் போட்டுத் துடைத்தவன். ஆனால் சோதனைக்கென்று வாஷிங்டன்காரர்கள் கொஞ்சம் எண்ணெய் எடுத்து விற்ற இரண்டு தடவையும் நாற்காலியில் இருந்தது லெஸ்டர்! விசைமேல் கைவைத்து அவன் இளிக்கும் போட்டோவை மெர்ட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதாகோயில் கூடத்தில் மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் எர்லின் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

"எங்க வீட்டுக்காரர் கை பட்டாத்தான் எண்ணெய் அசையுது" என்பாள் மெர்ட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"துடைக்கிறது ஒருத்தன், பல்லைக் காட்டுறது இன்னொருத்தன்" என்பாள் எர்லின், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

அந்த ஜனவரி முடிந்தால் ஓவீடுக்கு ஓய்வு. குவைத்தில் சண்டை மூளப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஜனாதிபதி கிடங்கைத் திறப்பாரா மாட்டாரா என்று என் கடையில் தினமும் பட்டிமன்றம்.

"தேர்தல் வரட்டும், தானா தெறப்பாங்க" என்று நண்டுக்காரன் ஒருவன் சிரித்தான்.

"எப்ப வேணா தெறக்கட்டும். எங்க ஆளு முறையில தெறக்கட்டும், அது போதும்" என்றாள் எர்லின். ஜெபம் மாதிரி சொன்னாள்.

திறந்தார்கள். காலைச் செய்தியில் வந்தது. வெளியே கை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டம். படகுக்காரர்களோடு பேச நான் வைத்திருக்கும் கம்பியில்லாப் பெட்டியில், ராத்திரி முறைக்கு வந்து இன்னும் பாலத்திலேயே இருந்த எர்லின் கத்தினாள்.

"க்ளோரிஸ், கேட்டியா? இன்னிக்கு ஓவீட் முறைடி! விடியறப்பவே கிடங்கு வேன் போச்சு. அவருதான் உக்காந்திருக்காரு!"

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்துச் சாலையில் லெஸ்டர் வண்டியின் ஊதல் கேட்டது. உடைந்த இறால் படகிலிருந்து பிடுங்கி மாட்டிய ஊதல் அது, ஊருக்கே தெரியும்.

"பறிக்க வர்றான் பாரு! லீவு நாள்ல ஓடி வர்றான், போட்டோவுக்கு!" என்றாள். உடனே பாலம் திரும்பும் சத்தம். ஒரு நண்டுப் படகு போனது. பாலம் மூடவில்லை.

"இழுவைப் படகு வருது. வழி விடணும், சட்டம்" என்றாள். இழுவைப் படகு எங்கோ வளைவுக்கு அப்பால் இருந்தது. பிறகு பெட்டியை அணைத்துவிட்டாள், லெஸ்டர் கெஞ்சுவான் என்று.

என் கதவைத் தள்ளிக்கொண்டு ஓவீட் உள்ளே வந்தான். ஒரு கன்னம் உப்பி, தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தது.

"நீ இங்க என்னய்யா பண்ற?"

"பல்லு" என்றான். வாய் பாதிதான் திறந்தது. "ராத்திரி பூரா தூக்கமில்ல. வேன்ல எனக்குப் பதிலா லெஸ்டர் போனான். உத்தரவு வந்ததும் போன் பண்றான். 'ஒம்பது மணிக்குள்ள ஓட்டணும், ஒனக்காகக் காத்திருக்கேன், இது ஒன் பம்பு, வந்து நீயே ஓட்டு'ங்கிறான். என்னைக் கூட்டிட்டுப் போக மெர்ட்டில வண்டியோட அனுப்பியிருக்கான். எர்லின்கிட்ட சொல்லு, வண்டியில போறது லெஸ்டர் இல்ல, நான்தான்னு சொல்லு."

பெட்டியில் கூப்பிட்டேன், கூப்பிட்டேன். பதில் இல்லை. கரைக்கு ஓடிக் கத்தினோம். ஓவீடின் குரல் துண்டைத் தாண்டவில்லை, என் குரல் பனியைத் தாண்டவில்லை. மெர்ட்டில் வேறு ஊதிக்கொண்டே இருந்தாள்.

"அதை அடிக்காத தாயே! நீ அடிக்க அடிக்கத்தான் அவ மூடமாட்டா!" என்று நான் அலறினேன்.

மெர்ட்டில் கையை எடுத்தாள். மணி ஒன்பதைத் தொட்டிருந்தது. அந்த அமைதியில், அக்கரையில் கிடங்கின் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்தது. மெல்ல எழுந்து, பிறகு ஒரே சீராக நின்றது. தண்ணீர் இழுக்கும் பம்புகள். எங்கள் காலடியில் கால்வாய் நகர ஆரம்பித்தது. கரையோரம் கிடந்த நுரை அந்தப் பக்கமாகப் போயிற்று.

ஓவீட் துண்டை அவிழ்த்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான்.

பாலத்து ஒலிபெருக்கி கரகரத்தது. படகுகளை எச்சரிக்க வைத்த ஒலிபெருக்கி.

"கேட்டியா லெஸ்டர்? நல்லா நின்னு கேளு! அது என் புருஷன்! என் புருஷன் கைடா அது!"

மெர்ட்டில் வண்டிக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் பொறாமைப்படுத்தியவளுக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை.

பாலம் திரும்பி வந்து பொருந்தியது. எர்லின் இறங்கி ஓடி வந்தாள், லெஸ்டரின் முகத்தைப் பார்க்க. பனிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். வண்டியைப் பார்த்தாள், மெர்ட்டிலைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"நீங்க..." என்றாள்.

ஓவீட் இன்னும் கிடங்கின் பக்கமே திரும்பி நின்றான்.

"மூணாவது பம்பு கொஞ்சம் திணறுது" என்றான். "லெஸ்டருக்கு அது காதுல விழாது."