மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குழி

எங்கள் வீட்டை வாங்கப் போன அன்று, தரைக்குப் பதித்திருந்த மாபிளின் நிறத்தைப் பற்றி நானும் கணவரும் ஒரு மணித்தியாலம் கதைத்திருப்போம். கிணற்றைப் பற்றி நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நாங்கள் இருவரும் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர்கள். ஊர் திரும்பியபின் எனக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. அவர் தச்சு வேலை செய்கிறார். பல வருடங்கள் வாடகை வீடுகளில் இருந்த பிறகு, மன்னார்த் தீவில் பேசாலைக்குப் போகும் வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில், புதிதாகக் கட்டிய மூன்று வீடுகள் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மூன்றையும் ஒரே கொந்தராத்துக்காரர்தான் கட்டியிருந்தார். நடுவீடு எங்களுக்குப் பிடித்துவிட்டது. கணவர் கதவு நிலைகளைத் தட்டிப் பார்த்து, மரம் நல்ல மரம் என்றார். எங்கள் ஆறு வயது மகள் அதற்குள் தனக்கொரு அறையைத் தெரிந்தெடுத்துவிட்டாள்.

கொந்தராத்துக்காரர் பின்வளவுக்குக் கூட்டிப்போய், கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தானே குடித்துக் காட்டினார்.

"குடிச்சுப் பாருங்கோ தங்கச்சி. உப்பே இல்லை. இந்தத் தீவில இப்பிடித் தண்ணி எங்க கிடைக்கும்?"

குடித்தேன். நல்ல தண்ணீர்தான். அது ஆவணி மாதம், கடும் வெயில். "கக்கூஸ் குழி எங்க அண்ணை?" என்று கேட்டேன்.

"அது அங்கால மற்ற மூலையில. கிணத்துக்கு வலு தூரம். நான் எல்லாம் முறைப்படி செய்யிறனான்."

திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே தூரத்தில்தான் இருந்தது. பிரதேச சபையின் முத்திரை குத்திய வரைபடத்தையும் காட்டினார். நாங்கள் அதன் முத்திரையைப் பார்த்தோமே தவிர, வரைபடத்தைப் பார்க்கவில்லை.

பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். அடுத்த மாதம் கிணற்றடி மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டை, சிலாவத்துறையிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரி வாங்கிக் குடிவந்தார். எங்களைவிட மூத்தவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரை நானா என்று கூப்பிட்டோம். மூன்றாவது வீடு விற்காமல் பூட்டிக் கிடந்தது.

மாரி தொடங்கி இரண்டு கிழமைகளில் கிணற்று நீர் மேலே வந்தது. கூடவே ஒரு வாடையும் வந்தது. புது மழைத் தண்ணீர், மண் வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு மகளுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் கண்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். டொக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே, "எந்தத் தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்பதுதான்.

கணவர் வீட்டுக்குப் போய், மதிலோரம் ஏணியை வைத்து ஏறி அந்தப் பக்கம் பார்த்தார். நானாவின் கக்கூஸ் குழியின் சீமெந்து மூடி, மதிலை ஒட்டியே இருந்தது. எங்கள் கிணற்றிலிருந்து அளந்தால் ஒன்பது அடி. நடுவில் இருந்தது வெறும் மணல். மணலுக்குள் தண்ணீர் எப்படி வடிகிறது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவள் நான். நானா குடிவந்த நாளிலிருந்து அதே மணலில் வடிந்ததை என் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

நானாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவருடைய முகம் கறுத்துப்போனது. "அல்லாஹ்வே! டீச்சர், எனக்கு உண்மையாத் தெரியாது. என்ர பிள்ளைக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். பிறகு கணவரின் கையிலிருந்த அளவு டேப்பை அவரே வாங்கிக்கொண்டு எங்கள் வளவின் மற்றப் பக்கம் போனார். எங்கள் குழியும் அப்படித்தான் இருந்தது. மதிலுக்கு அங்கால், பூட்டிக் கிடந்த மூன்றாவது வீட்டின் கிணறு.

மூன்று பேருமாகக் கொந்தராத்துக்காரரின் வீட்டுக்குப் போனோம். கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தார். கணவர் விசயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் என்னைப் பார்த்தார்.

"உங்கட குழி உங்கட கிணத்துக்குத் தூரத்திலதானே இருக்கு? நான் பொய் சொன்னனானோ?"

"பக்கத்து வீட்டுக் குழி கிணத்தடியில இருக்கெண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அதைக் கேக்கேல்லையே தங்கச்சி."

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட வாயால் சொல்கிற பேச்சா அது? எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? மூன்றையும் தோண்டுவித்தவர் அவர்தானே.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் பிரதேச சபைக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் கோப்பை எடுத்து விரித்தார். வரைபடத்தில் மூன்று குழிகளும் வீட்டுக்கு முன்னால், கேற்றுக்குப் பக்கத்தில் இருந்தன. முன்பக்கத்தில் வாகனம் விடக் கல்லுப் பதித்தால் விற்பதற்கு எடுப்பாக இருக்கும் என்று கொந்தராத்துக்காரர் குழிகளைப் பின்னால் தள்ளியிருக்கிறார்.

"இதில உங்கட முத்திரை இருக்குதே" என்றேன்.

"இது கட்ட முதல் குடுக்கிற அனுமதி, டீச்சர். கட்டி முடிச்ச பிறகு நாங்கள் வந்து பாத்து இணக்கச் சான்றிதழ் எண்டு ஒண்டு குடுப்பம். அதுக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. வாங்க முதல் நீங்கள் கேட்டிருக்க வேணும்."

அப்படியொரு சான்றிதழ் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீடு வாங்குகிற எத்தனை பேருக்குத் தெரியும்? சான்றிதழ் இல்லாத வீட்டில் ஆட்கள் குடியேறி விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு அந்த வீதியால் தினமும் போய் வருகிறவர்களுக்கு, வந்து ஒரு வார்த்தை கேட்க முடியாதா? இதையும் அந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன். அவர் கோப்பை மூடிவிட்டார்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். போத்தலில் தண்ணீர் எடுத்துப்போனார். குடிக்க உதவாது என்று கடிதம் வந்தது. குழிகளை மாற்றச் சொல்லிக் கொந்தராத்துக்காரருக்கும் அறிவித்தல் போனது. அவர் அசையவில்லை. நானாதான் வெட்கப்பட்டு, தான் செய்யாத பிழைக்குத் தன் கைக்காசில் முன்பக்கத்துக் கல்லைக் கிளப்பிப் புதுக்குழி வெட்டினார். நாங்கள் தினமும் பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்குக் காத்து நின்றோம்.

பங்குனியில் ஒரு நாள் மூன்றாவது வீட்டைப் பார்க்க ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். இலுப்பைக்கடவைப் பக்கத்துச் சனம். மதிலுக்கு இங்கால் நின்ற எனக்கு வாளியின் சத்தமும், "குடிச்சுப் பாருங்கோ தங்கச்சி" என்ற குரலும் கேட்டன. நான் கேற்றைத் திறந்துகொண்டு நேரே அவர்களிடம் போனேன்.

"அதைக் குடிக்காதேங்கோ. இந்த மதிலுக்கு அங்கால இருக்கிறது எங்கட கக்கூஸ் குழி. வந்து பாருங்கோ."

இப்படிச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தப் பெண் வாளியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னோடு வந்தார். என் கணவர் டேப்பைப் பிடித்து அளந்து காட்டினார். அவர்கள் வீட்டை வாங்காமல் போய்விட்டார்கள்.

கொந்தராத்துக்காரர் கேற்றடியில் நின்று கத்தினார். "என்ர வியாபாரத்தைக் கெடுக்கிறியள்! நாளைக்கே பொலிசுக்குப் போவன்!"

"போங்கோ. நானும் வாறன். ஆஸ்பத்திரித் துண்டும் தண்ணிக் கடிதமும் என்னட்டக் கிடக்கு."

அவர் பொலிசுக்குப் போகவில்லை. அதன்பிறகு வந்த இரண்டு குடும்பங்களுக்கும் இதையே சொன்னேன். இன்னொரு குடும்பம் வருவதற்கு முன், ஒரு காலை மேசனும் கூலியாட்களும் எங்கள் கேற்றுக்கு வந்தார்கள். எங்கள் குழியை முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். அறிவித்தலுக்கு அசையாதவர், என் பிள்ளையின் காய்ச்சலுக்கு அசையாதவர், வீடு விற்காமல் கிடந்தபோது அசைந்தார்.

பழைய குழிகளை மூடி, கிணற்றைப் பலதரம் இறைத்துக் குளோரின் போட்டோம். அடுத்த மாரி முடிந்து எடுத்த தண்ணீர் நல்லது என்று கடிதம் வந்தது. இருந்தும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

இப்போது பள்ளிக்கூடத்தில் யாராவது புது வீடு பார்த்திருக்கிறோம் என்றால், மாரியில் ஒருக்கால் போய்ப் பாருங்கோ, சபையின் இணக்கச் சான்றிதழைக் கேளுங்கோ, பக்கத்து வளவுக்குள்ளும் எட்டிப் பாருங்கோ என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒரு ஆசிரியை போன கிழமை வந்து, "டீச்சர், நாங்கள் மதிலால எட்டிப் பாத்தனாங்கள், வீட்டுக்காரருக்குச் சரியான கோவம்" என்றார்.

நல்லாக் கோவப்படட்டும் என்றேன்.