வாசல் வரை வந்த குழாய்

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வால்வு அக்கா மேட்டுக் குழாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவர் வீட்டு வாசலிலேயே ஒரு குழாய் இருக்கிறது. எங்கள் தெருவில் நன்றாகத் தண்ணீர் வருவதே அதில்தான். அதில் அவர் ஒரு சொம்பு பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பையோடு நான் அவரைத் தாண்டி ஓடிய நாளிலிருந்து இப்படித்தான்.

"ஏன்கா, வாசல்ல கொட்டுற தண்ணிய விட்டுட்டு இந்த ஏத்தம் ஏறுறீங்க?" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள்.

"உடம்பு கூடிப்போச்சுல்ல, எறக்க வேணாமா?"

ஈர்க்குச்சி மாதிரி உடம்பு அவருக்கு. கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலையில் வால்வைத் திறந்து தெருவுக்குத் தண்ணீர் விடுவதும் சண்டை விலக்குவதும் அவர் பொறுப்பு. "அடிச்சுக்காதீங்கடி. தண்ணி எங்கயும் ஓடிப்போயிடாது, நீங்கதான் வேலைக்கு ஓடணும்" என்பார்.

நான் பிறப்பதற்கு முன் இந்தச் சரிவில் குழாய் கிடையாது. அடிவாரத்திலிருந்து சுமக்க வேண்டும். சுமப்பது பெண்பிள்ளைகள் வேலை. ஒரு கோடை விடுமுறையில் சேவை முகாம் என்று நூற்றுக்கணக்கான கல்லூரி மாணவர்கள் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து, கை கொப்புளிக்க வெட்டி, குழாய் புதைத்தார்கள். என் அம்மா நாலாவதோடு நின்றது தண்ணீர் சுமக்க. நான் பட்டம் வாங்கிவிட்டேன். மேடையில் அதை வாங்கியபோது நான் யாரை நினைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

குழாய்ப் பள்ளம் அக்கா வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக நேரே போக வேண்டியது. அக்கா அப்போது நிறைமாதம். வெட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவனிடம், "தம்பி, கொஞ்சம் என் வாசப்பக்கம் வளைச்சு விட்டீன்னா புண்ணியமாப் போகும்" என்றிருக்கிறார். உதவ வந்த பிள்ளைகளுக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. "அதுக்கென்னக்கா, செஞ்சுட்டாப் போச்சு" என்று சொல்லி, மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் வளைத்துவிட்டான். அந்தப் பக்கம் பழைய கல்சுவர். அடிமண் இளகி, சுவர் அவன்மேல் சரிந்தது. அவன் பிழைக்கவில்லை.

மேஸ்திரி சொன்னதைக் கேட்காமல் பையன் வேறு இடத்தில் தோண்டிவிட்டான் என்று முகாம் நடத்தியவர்கள் விஷயத்தை முடித்துவிட்டார்கள். அவன் வெட்டியது வீணாக வேண்டாமென்று மற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே அந்தப் பள்ளத்திலேயே குழாயைப் போட்டார்கள். குழாய் அங்கே மட்டும் ஏன் வளைகிறது என்று தெருவுக்கே தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

போன மாதம் அந்தப் பையனின் அம்மா வந்தார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் முறை. வயதாகிவிட்டது, அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். அக்கா வீட்டில்தான் உட்காரவைத்தோம். வாசலில் சிறுமிகள் தண்ணீர் பிடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்பேச்சு கேக்காத பய. காட்டுன எடத்துல தோண்டியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான். அவங்கப்பா சாகுறவரைக்கும் அதைச் சொல்லியே திட்டிட்டிருந்தாரு."

"அம்மா..." என்றார் அக்கா.

"என்ன தாயி?"

அக்கா காலி டம்ளரைக் கையில் எடுத்தார். "இன்னொரு டம்ளர் தண்ணி குடிக்கிறீங்களா?"

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், இதை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எழுதிக்கோ. நீ எழுதிட்டா நான் சொன்னதா ஆயிடுமா?"

"அப்போ நீங்களே சொல்லிடுங்கக்கா" என்று அந்த அம்மாவின் எண்ணைப் போனில் போட்டுக் கையில் கொடுத்தேன். மறுமுனையில் குரல் வந்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"பத்திரமா போய்ச் சேந்தீங்களாம்மா?"

சேர்ந்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார். அவர் போனை வைத்துவிட்டது எனக்கே கேட்டது. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல், "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டே நின்றார்.