செல்வராசு அண்ணனின் இரண்டு ஹாரன்

பட்டறைத் தரையில் ஜாக்கி வைக்கும் இடம் பெயர்ந்து ரொம்ப நாளாகிறது. நேற்று கொஞ்சம் சிமெண்ட் வாங்கிவந்து நானே குழைத்தேன். தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை எழும்புமே, மற்றவர்களுக்கு அது புதுவீட்டை ஞாபகப்படுத்தும். எனக்குச் செல்வராசு அண்ணனை ஞாபகப்படுத்துகிறது. கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். குழைத்ததில் பாதி சட்டியிலேயே இறுகிப்போனது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் நான் பட்டறை போட்ட புதிது அது. அப்போது எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். பார்சல் வாங்கிய புரோட்டாவைக் கடையிலேயே பிரித்து எண்ணுவேன். பெண் பார்க்கப் போன வீட்டில், வருங்கால மாமனாரின் வண்டியைப் பார்த்து, "கிலோமீட்டரத் திருப்பி வச்சிருக்காங்க போல" என்று சொல்லி வைத்தேன். கல்யாணம் நடந்ததே என் மனைவியின் பெருந்தன்மை. சந்தேகப்படத் தெரியாதவன் மெக்கானிக்கே இல்லை என்று வேறு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தினமும் காலையில் ஒரு சிவப்புக் கார் பட்டறையைக் கடக்கும். தரையோடு தரையாகப் பதுங்கிப் போகும் டர்போ வண்டி. அதன் சொந்தக்காரர் சாதிக் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, பெரம்பலூரில் வீடு கட்டி, அரியலூரில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் இருந்தபோது யாரோ ஒரு முதலாளியின் காரைத் துடைத்துத் துடைத்து ஆசை வந்ததாம். ஊருக்கு வந்ததும் வாங்கிவிட்டார். அதை ஓட்டியவர்தான் கீழப்பழுவூர் செல்வராசு அண்ணன். பட்டறை வந்ததும் இரண்டு ஹாரன் அடிப்பார், சின்னச் சின்னதாக. பானெட்டுக்குள் கவிழ்ந்திருக்கும் நான் தலையைத் தூக்காமலே கையை மட்டும் உயர்த்துவேன். எங்கள் சிநேகிதம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் வந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் ஹாரன் அடித்துவிட்டு வண்டியை உள்ளேயே கொண்டுவந்தார்.

"தம்பி, மேடு ஏறுறப்ப டிக்டிக்குன்னு தட்டுது. லாரிய முந்தலாம்னு மிதிச்சா இழுக்கவே மாட்டேங்குது. காலையில நல்லாத்தான் இருக்கு, மத்தியானம் ஆனாதான் இந்தக் கூத்து."

நோயின் காரணத்தை அவரே பாதி சொல்லிவிட்டார். நான் கேட்டால்தானே! புதிதாக வாங்கியிருந்த ஸ்கேனரைக் கோயில் குருக்கள் தீபாராதனை காட்டுகிற பக்தியோடு எடுத்து மாட்டினேன். தட்டல் இருப்பதால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, அதனால்தான் இழுவை இல்லை என்று காட்டியது. ஏன் தட்டுகிறது என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் நான் இருந்தேனே.

மட்டமான பெட்ரோல் போட்டால் இந்த மாதிரி வண்டி தட்டும். டேங்கில் டியூபை விட்டுக் கொஞ்சம் எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் வாசனை, குப்பென்று. முடிந்தது. பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு, அளவு குறையாமலிருக்க மண்ணெண்ணெயை ஊற்றியிருக்கிறார் என்று மனதுக்குள் கேஸ் எழுதி முடித்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பாய்க்குப் போன் போட்டேன்.

பாய் வந்து, நான் சொன்னதைக் கேட்டார். செல்வராசு அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பாய், நான் அப்படிப்பட்டவன் இல்லீங்க. வாங்க, திருமழபாடி கோயிலுக்கு இப்பவே போவோம். சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன்."

"சத்தியமெல்லாம் வேணாம்ப்பா. அல்லா பார்த்துக்குவான். சாவிய வச்சிட்டுக் கெளம்பு."

சாவியை அவர் பாயின் கையில் கொடுக்கவில்லை. சட்டைத் துணியால் ஒருமுறை துடைத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, பஸ் ஏற நடந்தார். திருட்டுமுழி எப்படி முழிக்கிறான் பார் என்று நினைத்தேன். என்ன மனிதன் நான்!

டேங்கைக் காலி செய்து, நல்ல பெட்ரோல் போட்டு, மறுநாள் காலையில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி பறந்தது. அரியலூர் வரை போய் ஒரு வேலையை முடித்துவிட்டு மத்தியானம் திரும்பும்போது, மெல்லிசாக ஒரு டிக்டிக். கேட்டது. நன்றாகவே கேட்டது. பழைய பெட்ரோல் குழாயில் மிச்சமிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்துப் பாய் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார், உச்சி வெயிலில்.

"பங்க்ல நானே நின்னு பெட்ரோல் போடுறேன். இன்னமும் தட்டுது. இப்ப திருடன் யாருப்பா? நானா, நீயா?"

முன் பம்பரைக் கழற்றினேன். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆறவைத்து எஞ்சினுக்கு அனுப்ப, ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி கீழே தனியாக இருக்கும். காற்றுப் புகும் அதன் கண்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. கொத்தனார் பூசிவிட்டுப் போன சுவர்போல இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது.

அரியலூர்ச் சாலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னால் சிமெண்ட் லாரி, பின்னால் நாம். அந்தத் தூசி கார் மூஞ்சியில் அப்பும். வண்டியில் ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது என்பது பாயின் உத்தரவு. செல்வராசு அண்ணன் தினமும் சாயந்திரம் குனிந்து, ஹோஸ் பைப்பைப் பிடித்து, அந்தச் சந்து பொந்தெல்லாம் தண்ணீர் அடித்திருக்கிறார். நனைந்த சிமெண்ட் தூசி உள்ளேயே இறுகி, தினம் ஒரு பூச்சு. வெயில் ஏறினால் காற்று ஆறாது, எஞ்சின் தட்டும். அவர் செய்த குற்றம் வண்டியைச் சுத்தமாக வைத்திருந்ததுதான்.

அப்படியானால் மண்ணெண்ணெய் வாசனை? கையை முகர்ந்து பார்த்தேன். தினமும் காலையிலிருந்து மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவுகிற கை. அன்றைக்கு டியூபைப் பிடித்திருந்ததும் அதே கைதான்.

மறுநாளே அந்தச் சில்லு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கீழப்பழுவூர் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாய் திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார், மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு யாரும் வரலைன்னாலும் நான் போயி சூடம் அணைச்சுட்டேன். அந்தக் கையால திரும்ப அந்தச் சாவியத் தொட வேணாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்?"

அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர்.

இப்போது அவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். தினமும் இந்த வழியாகத்தான் போகிறார். எத்தனை லாரி போனாலும் அவருடையதை எனக்குத் தெரியும். மூன்றாவது கியரில் லேசாக முனகும். கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும், அவர் என்னிடம் கொண்டுவர மாட்டார். நேற்றும் அந்த முனகல் வந்தது. சிமெண்ட் கையோடு வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கினேன். லாரி ஹாரன் அடிக்காமல் போயிற்று.